கால் நகத்துச் சுண்ணாம்பு

அன்றைக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். மேசைக்கு வலது பக்கம் எங்கள் டாக்டர். அவருக்கு எதிரே கத்தி, கத்தரி எடுத்துக்கொடுக்கிற ஸ்டெல்லா சிஸ்டர். தலைமாட்டில் மயக்க டாக்டர். மேசை மேல், இடுப்புக்குக் கீழே மரத்துப்போய், இடுப்புக்கு மேலே முழு நினைவோடு இசக்கிராஜா. அவன் தலைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்திருந்த நான். கதவுக்கு வெளியே அவனுடைய தாய்மாமன் சுடலைமுத்து. உள்ளே ஐந்து பேர், வெளியே ஒருவர். அதில் யார் அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தது என்று கேட்டால், கத்தி படப்போகிறவன் இல்லை. நான்தான்.

நான் வேலை பார்த்தது திருப்பூரில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. சிறுநீரகம், மூத்திரப் பை, ஆண்களுக்கு வருகிற உபாதைகள், இதற்கு மட்டும் பார்க்கிற இடம். இப்போது அது ஐந்து மாடிக் கட்டடத்துக்கு மாறப்போகிறது. கல்லை உடைக்க லேசர் வருகிறதாம். புதிதாக வேலைக்கு வந்திருக்கிற தம்பிகள், "அண்ணா, உங்களால மறக்க முடியாத கேஸ் எதுங்ணா, எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். எட்டாவதோடு நின்ற ஆள் நான். எழுத்துப் பிழை வந்தால் சிரிப்பார்களே என்று ஒரு வாரம் யோசித்தேன். பிறகு, இதைச் சொல்லாமல் விட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை என்று தோன்றியது. சொல்ல வேண்டியவர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். அந்த மாதிரி இடத்து நோய் அது.

எங்கள் வீடு சேவூர் பக்கம். தறி ஓட்டின குடும்பம். தறி நின்ற பிறகு நான் திருப்பூர் வந்து பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிளில் நின்றேன். அங்கே என் பயம் ஊருக்கே தெரியும். அயர்ன் பெட்டியை அணைத்தேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பிப் போய்ப் பார்ப்பேன். "மயில்சாமி போயிப் பாத்துட்டு வந்தாத்தான் கம்பெனி எரியாம நிக்கும்" என்று கேலி பேசுவார்கள். அந்தப் பயம்தான் பிறகு ஆஸ்பத்திரியில் எனக்குத் தியேட்டர் வேலையையும் வாங்கிக் கொடுத்தது. முதலில் தரை துடைத்தேன். பிறகு துணி மடித்துக் கிருமி போகக் கொதிகலத்தில் வைத்து எடுத்தேன். பிறகு தியேட்டர். பஞ்சு, துணித்துண்டு எண்ணிக்கையை நான் இரண்டாம் முறையும் எண்ணாமல் விடமாட்டேன் என்று கண்டுகொண்ட டாக்டர், "நீ பயந்துட்டே இரு மயில்சாமி, எனக்கு அது போதும்" என்றார்.

டாக்டர் தாராபுரத்துக்காரர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நோயாளி உள்ளே வந்தால் முகத்தைப் பார்க்க மாட்டார், ஃபைலையும் பார்க்க மாட்டார். தலையைக் குனிந்து காலைப் பார்ப்பார். வாசலில் "செருப்பை வெளியே விடவும்" என்று எழுதி வைத்திருந்ததைச் சுத்தத்துக்கென்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

ஒருநாள் ஒரு ஆள் வந்தார். பவர் டேபிளில் தைப்பவர். ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று கூலி என்பதால், எழுந்து தண்ணீர் குடித்தால் ஒரு நஷ்டம், குடித்த தண்ணீரை விடப் போனால் இன்னொரு நஷ்டம் என்று வாயைக் கட்டித் தைப்பவர்கள் அவர்கள். "முதுகு வலிங்க, உக்காந்து தைக்கறதுனால" என்றார். டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுக்குப் போறப்ப ரத்தமா வருதுங்களா?" என்று கேட்டார். அந்த ஆள் மலைத்துப் போனார். நானும்தான். அவர் போன பிறகு கேட்டேன், "எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

"கட்டை விரல் நகத்துல சுண்ணாம்பு இருந்துச்சில்ல. நம்ம பக்கம் நீர்க்கடுப்புக்கு அதத்தான பண்ணுவாங்க. சூடு புடிச்சிருச்சுன்னு தொப்புள்ள விளக்கெண்ணெய், கால் பெருவிரல் நகத்துல சுண்ணாம்பு. வாயில முதுகு வலி, வயித்து வலின்னு சொல்லுவாங்க. நகத்துல சுண்ணாம்பு இருந்தா இடுப்புக்குக் கீழ பாக்கோணும்."

நான் பிறந்ததிலிருந்து பார்த்த சுண்ணாம்பு அது. எங்கள் அம்மா எனக்கே வைத்துவிட்டிருக்கிறாள். அதை இப்படிப் படிக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தையல்காரரின் கல்லை எடுத்தபோது டாக்டர் அதை எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டார். டிங் என்று ஒரு சத்தம். முள் முள்ளாக, நெருஞ்சிக் காய் மாதிரி இருந்தது. மனுசன் உடம்புக்குள் யாரும் வைக்காமல் ஒரு கல் விளைகிறது என்பதை அன்று வீட்டுக்குப் போய் என் சம்சாரத்திடம் சொல்லிச் சொல்லி மாளவில்லை. அவள் அன்றிலிருந்து எனக்குச் சொம்பு நிறையத் தண்ணீர் வைத்தாள்.

இனி இசக்கிராஜா.

அவன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். வயது இருபத்திரண்டு. தாய்மாமன் சுடலைமுத்து ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவர்தான் அவனைத் திருப்பூருக்குக் கூட்டி வந்து அதே கம்பெனியில் தைக்க விட்டவர். அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். பெண்ணும் அவர்கள் ஊர்தான்.

ஷிப்மெண்ட் நெருக்கடி நாள். காலை டீ மணி அடிக்கிறபோது அவனுக்கு இடது பக்கம் விதையில் சுரீரென்று வலி எடுத்திருக்கிறது. சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து தைக்கிற லைன். எங்கே என்று சொல்வான்? "வயித்து வலி" என்று சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறான். கூட இருந்த பையன்கள் ரூமுக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்துத் தொப்புளில் எண்ணெய் விட்டு, நகத்தில் சுண்ணாம்பு தடவி, சர்பத்தும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கம்பெனி விட்டபோது அவன் சுருண்டு கிடந்து வாந்தி எடுக்கிறான். அப்புறம்தான் மாமனுக்கு ஆள் போயிருக்கிறது.

கம்பெனி வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். சுடலைமுத்து முழுக்கைச் சட்டை, இடுப்பில் இன்ச் டேப், காலில் கறுப்பு ஷூ. அவசரத்தில் ஷூவோடு உள்ளே வந்துவிட்டார். எனக்கு அதுவேறு கவலை. "ஏனுங்க, ஷூவைக் கழட்டிட்டு" என்று ஆரம்பித்தேன். "யோவ், புள்ள துடிச்சிட்டுக் கெடக்கான், ஷூவாம் ஷூ" என்று என்னைத் தள்ளிக்கொண்டு போனார்.

டாக்டர் இசக்கியின் காலைப் பார்த்தார். இரண்டு பெருவிரலிலும் சுண்ணாம்பு, அன்றைக்கு வைத்தது. எல்லோரையும் திரைக்கு வெளியே போகச் சொன்னார். என்னை மட்டும் இருக்கச் சொன்னார்.

"எங்க வலிக்குது கண்ணு?"

"வயித்துல சார்."

"வயித்துல மட்டுந்தானா?"

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். கண்ணில் தண்ணீர். டாக்டர் அதற்குமேல் கேட்கவில்லை. நாடாவை அவரே அவிழ்த்தார். இடது விதை மேலே ஏறி, குறுக்கே கிடந்தது. தொட்டதும் அவன் கட்டிலை விட்டு எழும்பினான். பிறகு அவர் செய்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தொடையின் உட்பக்கத்தில் விரலால் மெதுவாக ஒரு கோடு இழுத்தார். வலது பக்கம் இழுத்தபோது அந்தப் பக்கத்து விதை, கூப்பிட்டதற்கு வருகிற மாதிரி, தானாக மேலே எழும்பி இறங்கியது. இடது பக்கம் இழுத்தார். அசைவே இல்லை. எல்லா ஆண் உடம்பிலும் இப்படி ஒன்று இருக்கிறது, இத்தனை வயசுக்கு எனக்கே தெரியவில்லை. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே, "முறுக்கிக்கிச்சு. மயக்க டாக்டருக்குப் போன் போடு. ஸ்கேனெல்லாம் வேண்டாம், நேரமில்லை" என்றார்.

வெளியே மாமனிடம் சொன்னார். அவர் முகம் கறுத்துவிட்டது.

"ஆபரேசனா? அங்கனயா? அடுத்த மாசம் கல்யாணம் டாக்டர். பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன பேசுவாங்க? ஆம்பளையே இல்லன்னுல்லா பேசுவாங்க. நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். அங்க ஒருத்தர் இருக்காரு, எண்ணெய் போட்டு நீவி விட்டா எல்லாம் எறங்கிரும்."

"ஊருக்கு எப்பப் போய்ச் சேருவீங்க?"

"பஸ் ஏறுனா விடியக்காலம்."

டாக்டர் இசக்கிக்குப் போட்டிருந்த சலைன் பக்கம் அவரைக் கூட்டிப்போனார். நடுவில் இருக்கிற குப்பியில் துளி துளியாக விழுந்துகொண்டிருந்தது. டாக்டர் கீழே போகிற குழாயை இரண்டு விரலால் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினார். துளி மெதுவானது. இன்னொரு முறுக்கு. துளி நின்றது.

"விதை ஒரு கொடியில தொங்குது அண்ணாச்சி. அந்தக் கொடிக்குள்ளதான் ரத்தம் போகுது. கொடி இப்படி முறுக்கிக்கிச்சு. காலைல இருந்து அதுக்கு ரத்தம் இல்லீங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல அழிஞ்சு போகும். விடியக்காலம் வரைக்கும் நான் இதைப் புடிச்சுட்டு நிக்கட்டுங்களா?"

சுடலைமுத்து அந்தக் குப்பியையே பார்த்தார். துளி விழவில்லை. இசக்கி படுத்தபடியே, "மாமா, சார் கைய எடுக்கச் சொல்லுங்க" என்றான். பயத்தில் சொன்னானா, புரிந்து சொன்னானா தெரியாது. டாக்டர் கையை எடுத்தார். துளி விழ ஆரம்பித்தது.

"ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்குல்லா?" என்றார் மாமன். குரல் இறங்கிவிட்டது.

"இருக்குதுங்க. ஒண்ணு இருந்தாலும் குழந்தை பிறக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா காப்பாத்த முடியறதை எதுக்கு விடறது? அதுவுமில்லாம, ஒரு பக்கம் இப்படித் தளர்வா இருந்தா மறுபக்கமும் அப்படியே இருக்கும். நாளைக்கு அதுவும் முறுக்கிக்கலாம். ரெண்டையும் தையல் போட்டு நிறுத்தி வெச்சிர்றேன்."

"நல்லா இருக்கதையுமா தொடுவீங்க?"

"நல்லா இருக்கறப்பவே தொட்டாத்தாங்க நல்லா இருக்கும்."

அவர் விறுவிறுவென்று கழிப்பறைக்குப் போனார். வந்தார். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு மறுபடியும் போனார். பயத்தில் அடிக்கடி வருகிறதாக்கும் என்று நினைத்தேன், எனக்கும் அப்படி வரும். டாக்டர் அவர் போவதையும் வருவதையும் பார்த்தார். அவர் ஷூவையும் பார்த்தார்.

அடுத்து என் பங்கு. தியேட்டருக்குப் போகிறவர்களிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பது என் வேலை. இசக்கி ஒன்றுமில்லை என்றான். நான் மறுபடி கேட்டேன். மூன்றாம் தரம் கேட்டதும், "சர்பத் மட்டும் குடிச்சேன், வாந்தியில போயிட்டு" என்றான். மயக்க டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மயக்கத்தில் வாந்தி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், முழு மயக்கம் வேண்டாமென்று அவர் முதுகில் ஊசி போட்டார். அதனால்தான் இசக்கி விழித்திருந்தான். இடையில் பச்சைத் துணி கட்டியிருந்ததால் கீழே நடப்பது அவனுக்குத் தெரியாது. ஸ்டூலில் இருந்து எனக்குத் தெரிந்தது.

டாக்டர் விதைப்பையின் நடுக்கோட்டில் கீறினார். தையல் மாதிரி ஒரு கோடு எல்லோருக்கும் அங்கே பிறவியிலேயே இருக்கிறதே, அதன் மேலேயே. உள்ளிருந்து வெளியே வந்ததைப் பார்த்தேன். நன்றாகப் பழுத்த நாவல் பழத்தின் நிறம். கொடி, பிழிந்து போட்ட ஈரத்துணி மாதிரி முறுக்கிக் கிடந்தது. டாக்டர் அதைக் கையில் ஏந்தி, புத்தகத்தைத் திறப்பது போல வெளிப்பக்கமாகத் திருப்பினார். ஒரு சுற்று. இன்னொரு அரைச் சுற்று. கொடி நேரானது. நிறம் மட்டும் அப்படியே இருந்தது.

"சுடு சலைன்" என்றார். பாட்டிலை வெந்நீரில் போட்டு வைத்திருந்தேன். சூடு அதிகமோ என்று என் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு, ஸ்டெல்லா சிஸ்டர் நீட்டிய கிண்ணத்தில் ஊற்றினேன். துணியை அதில் நனைத்து விதையைச் சுற்றிப் பொதிந்தார் டாக்டர். மறுபக்கத்தை எடுத்துத் தையல் போட ஆரம்பித்தார்.

"துணியைப் பிரிச்சுப் பாக்கறீங்களா?" என்று மயக்க டாக்டர் கேட்டார்.

"இப்பப் பாக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார் எங்கள் டாக்டர். பிறகு பச்சைத் துணிக்கு மேலே தலையை நீட்டி, "கண்ணு, கல்யாணத்துல என்ன சாப்பாடு?" என்று கேட்டார்.

இசக்கி கொஞ்சம் திகைத்தான். "சாம்பார், ரசம், அவியல். பாயசம் ரெண்டு வகை சார்."

"எங்கூர்ல ஒண்ணுதான். ஸ்டெல்லா, உங்கூர்ல?"

"எங்க வீட்டுல பிரியாணி டாக்டர்" என்றார் சிஸ்டர்.

"அப்ப நம்ம மயில்சாமிக்குப் பந்தி அங்கதான்." எல்லோரும் சிரித்தார்கள். என் கையைப் பிடித்திருந்த இசக்கியின் விரல்கள் மட்டும் இறுகின. என் பக்கம் தலையைத் திருப்பி மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, இருக்கா?"

எங்கள் தியேட்டரில் ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் சொல்வதற்கு முன்னால் நல்லதோ கெட்டதோ யாரும் வாயைத் திறக்கக்கூடாது. இருக்கு என்று சொல்ல என் நாக்கு வரை வந்தது. துணிக்குள் இருப்பது நாவல் பழமா, வேறா? தெரியாமல் எப்படிச் சொல்வது? "டாக்டர் பாத்துட்டிருக்காரு கண்ணு" என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். நான் எங்கள் முருகனை நினைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது? துணி ஆறும்போதெல்லாம் சிஸ்டருக்குச் சுடு சலைன் ஊற்றினேன்.

மறுபக்கம் தைத்து முடித்து, டாக்டர் ஒரு தரம் மூச்சு விட்டார். பிறகு துணியைப் பிரித்தார்.

நான் தறிக்கார வீட்டில் பிறந்தவன். திருப்பூரில் எத்தனையோ சாயம் பார்த்திருக்கிறேன். நொய்யல் ஆறு என்ன என்ன நிறத்தில் ஓடியது என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று பார்த்த நிறத்தை எந்தச் சாயப்பட்டறையிலும் பார்த்ததில்லை. கொடி சேருகிற இடத்தில் முதலில் ஒரு சிவப்பு. அது நரம்பு நரம்பாக இறங்குகிறது. கறுப்பு ஊதாவாகி, ஊதா வெளுத்து, ஓரமாக ஒரு ரோஸ் நிறம் பரவிக்கொண்டு வருகிறது. நாங்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. யாரும் எதுவும் செய்யவில்லை. அது தானாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. டாக்டர் கத்தி முனையால் ஒரு பொட்டு தொட்டார். ரத்தம் பளிச்சென்று துளிர்த்தது.

"சொல்லு மயில்சாமி" என்றார் டாக்டர். தலையை நிமிர்த்தவில்லை. அதைச் சொல்கிற உரிமையை எனக்குக் கொடுத்தார்.

"இருக்குது கண்ணு. நல்லா இருக்குது" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரிக் கேட்டது. இசக்கி அழுதான். மயக்க டாக்டர் ஒரு துணித்துண்டை எடுத்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, என் முகத்தையும் துடைத்தார்.

கதவைத் திறந்தால் சுடலைமுத்து இல்லை. கழிப்பறையில் இருந்தார்.

வீட்டுக்கு அனுப்புகிறபோது டாக்டர், பாரம் தூக்கக்கூடாது, சைக்கிள் ஓட்டக்கூடாது, கல்யாணத்துக்குத் தடையில்லை என்றார். மாமன் எங்கள் எல்லோரையும் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னார். "குடலிறக்கம்னு சொல்லியிருக்கேன். யாரு கேட்டாலும் அதான். பொண்ணு வீட்டுக்கு அதுகூடச் சொல்லல." இசக்கியின் பக்கம் திரும்பி, "நீயும் வாயத் தொறக்கப்படாது, கேட்டியால?" என்றார். அவன் தலையை ஆட்டினான்.

எனக்கு அன்றிலிருந்து கவலை. தைத்த தையல் பிடிக்குமா, அந்த ரோஸ் நிறம் உள்ளே போய் மறுபடி கறுத்துவிடுமோ, யாராவது பெண் வீட்டில் போய்ச் சொல்லிவிடுவார்களோ. எனக்கு என்ன சொந்தமா, பந்தமா? ஆனாலும் தூக்கம் வரவில்லை.

புண் ஆறின பிறகு இசக்கி பரிசோதனைக்கு வந்தான். டாக்டர் ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு, "மெத்துனு இருக்குது, அளவும் குறையல. போ, போய்க் கல்யாணம் பண்ணு" என்றார். எனக்குத்தான் பாதி பாரம் இறங்கியது. மீதிப் பாரம் இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு காலை என்றால் கம்பெனி விடுமுறை, எங்களுக்குக் கூட்டம். வரிசையில் கடைசியாகச் சுடலைமுத்து நின்றார். கையில் மஞ்சள் தடவின பத்திரிகை, தட்டில் வெற்றிலை பாக்கு. உள்ளே வந்து டாக்டரிடம் கொடுத்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். உட்காருங்கள் என்றதும் உட்கார்ந்தார். வேட்டியை இழுத்துவிட்டு, காலை நாற்காலிக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை எப்படி இருக்காருங்க?" என்றார் டாக்டர்.

"அவனா? என் பேச்ச எங்க கேட்டான்? எஸ்.டி.டி. பூத்துல போயி அந்தப் புள்ளகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டான் டாக்டர். ஒண்ணு விடாம. எனக்கு நேத்துதான் தெரியும். ஏல, கல்யாணத்தயே கெடுத்துட்டியேன்னு அடிக்கப் போயிட்டேன்."

"பொண்ணு என்ன சொல்லுச்சுங்க?" என்று நானே கேட்டுவிட்டேன்.

சுடலைமுத்து பத்திரிகையின் ஓரத்தைத் தடவினார். "அவன் எல்லாத்தையும் சொல்லி முடிச்ச பெறவு, ரொம்ப நேரம் பேசவே இல்லையாம் அந்தப் புள்ள. காசு ஓடிட்டே இருந்துருக்கு. பெறவு, 'இப்ப வலி இருக்கா?'ன்னு கேட்டுச்சாம். அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்கல."

டாக்டர் தலையை மட்டும் அசைத்தார்.

பேச வேண்டியது முடிந்துவிட்டது. சுடலைமுத்து எழுந்திருக்கவில்லை. அடுத்து யாரும் இல்லை என்று தெரிந்தும் ஒருதரம் வாசலைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். நடைக்கு வெளியே, வேட்டிக்கும் போட்டு வந்திருந்த அவருடைய கறுப்பு ஷூ, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, ஒழுங்காக இருந்தது.

பிறகு நாற்காலிக்கு அடியில் மடக்கியிருந்த இரண்டு காலையும் மெல்ல முன்னால் நீட்டினார். டாக்டரைப் பார்க்கவில்லை. காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பெருவிரல் நகத்திலும் சுண்ணாம்பு. ஒரு நாளில் வைத்தது இல்லை. பழசு உதிர்ந்த இடத்தில் புதுசு, அதற்கு மேலே இன்னும் புதுசு என்று வெள்ளை ஏறிப்போயிருந்தது.

"எவ்வளவு நாளாங்க அண்ணாச்சி?" என்றார் டாக்டர்.

"அது ஆச்சு, ரெண்டு தீபாவளி" என்றார் சுடலைமுத்து. "ஒண்ணுக்கு முக்கினாத்தான் வருது. வந்தாலும் முடிஞ்ச மாதிரி இல்ல."

டாக்டர் எழுந்தார். நான் போய்த் திரையை இழுத்து மூடினேன்.